கோமதி யாருக்குத் துணை

உலகம்மாளுக்கு மூத்திரத்தைப் பற்றிப் பேசுகிற வெட்கம் எப்போதோ விட்டுப்போயிற்று. விடாமல் என்ன செய்யும்? செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள், ஊர் ஆட்கள் வந்துபோகிற கூடத்தில், ஒரு பச்சைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, மாமனார் உடம்பில் தேங்கியதைத் தன் உடம்பு வழியாக இறக்கிக்கொண்டிருந்தவள் அவள். திரை முட்டி வரைக்கும்தான் மறைக்கும். முதல் வருஷம் அதைப் பற்றிப் புகார் சொல்லிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

சங்கரன்கோவிலில் நூல் மூட்டை அடுக்கிவைத்த பழைய கிட்டங்கி ஒன்றை இடித்துக் கட்டிய நிலையம் அது. வாசலில் 'உறவுத்துணை சிறுநீரக நிலையம்' என்று பெரிதாக எழுதியிருக்கும். ஊர்க்காரர்கள் சுருக்கமாக 'பெட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். முதல் நாள் அங்கே போனபோது டாக்டர் ரெஜினா அவளை உட்காரவைத்து விளக்கினார். டாக்டருக்கு நல்ல குரல். எதைச் சொன்னாலும் சரி என்று தோன்றும்.

"ஒண்ணுமில்லம்மா. உங்க மாமனாருக்குக் கிட்னி ரெண்டும் வேலை செய்யல. அதனால நடுவுல ஒரு பெட்டி வைக்கிறோம். பெட்டிக்குள்ள வெங்காயத் தோலை விட மெல்லிசா ஒரு சவ்வு. அந்தப் பக்கம் அவர் ரத்தம் ஓடும், இந்தப் பக்கம் உங்க ரத்தம் ஓடும். ரெண்டும் கலக்காது. அவர் ரத்தத்துல இருக்கிற கழிவு மட்டும் சவ்வைத் தாண்டி உங்க பக்கம் வந்துரும். உங்க கிட்னி அதை வெளிய தள்ளிரும்."

"எனக்கு ஒண்ணும் ஆகாதா டாக்டர்?"

"தண்ணி நிறைய குடிக்கணும்" என்றார் டாக்டர். கேட்டதற்கு அது பதில் இல்லை என்று உலகம்மாளுக்கு அப்போது உறைக்கவில்லை.

அதற்கு முன்னால் மெஷின்தான் இருந்தது. ஒருத்தருடைய ரத்தத்தை ஒருமுறை கழுவ அந்த மெஷினுக்கு ஒரு வீட்டுக்கு ஒரு வாரம் வருகிற தண்ணீர் வேண்டும். தண்ணீருக்கு இந்த ஊர் எங்கே போகும்? குடிக்கவே லாரி வந்தால்தான் உண்டு. பெட்டி வந்ததும் மெஷின்களுக்கு உறை போட்டு மூடிவிட்டார்கள். பின்கட்டில் ஒரு அறையில் மூன்றை மட்டும் விட்டுவைத்து, 'துணையற்றோர் பிரிவு' என்று பலகை மாட்டினார்கள். அங்கே படுக்க வேண்டுமென்றால் வீட்டு ஆட்கள் நேரில் வந்து, எல்லோர் முன்னாலும் "இவருக்கு உட்கார எங்க வீட்டில் யாருமில்லை" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிள்ளை குட்டி இருக்கிற எவன் அப்படிச் சொல்வான்? அந்த அறையில் படுப்பதைவிடப் பாடையில் படுக்கலாம் என்பது உலகம்மாளின் மாமனார் சண்முகவேலின் கட்சி.

வீட்டில் பதினெட்டு வயது நிரம்பிய யார் வேண்டுமானாலும் துணையாக உட்காரலாம் என்றுதான் சட்டம் சொன்னது. பெண்தான் உட்கார வேண்டும் என்று அதில் ஒரு இடத்திலும் இல்லை. ஆனால் கூடத்தைப் போய்ப் பார்த்தால் கட்டிலில் ஆணும் கிடப்பார்கள், பெண்ணும் கிடப்பார்கள். பக்கத்துச் சாய்வு நாற்காலியில் மட்டும் சேலையும் சுடிதாருமாகத்தான் தெரியும். தானாக அமைந்துவிட்டது என்பார்கள். இந்த வீடுகளில் தானாக அமைகிற காரியம் எல்லாம் ஒரே பக்கமாகத்தான் அமையும்.

உலகம்மாள் வீட்டிலும் அப்படித்தான் அமைந்தது. அவள் புருஷன் சங்கரலிங்கத்துக்கு விசைத்தறியை விட்டு நகர முடியாதாம். ஆம்பளை உட்கார்ந்தால் நரம்பு தளர்ந்துவிடும் என்று யாரோ அவர் காதில் ஓதியும் இருந்தார்கள். கொழுந்தன் சேர்மராஜ் திருப்பூரில் இருந்தான். கோவில் கொடைக்கு வருவான், அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு அழுவான், மறுநாள் பஸ் ஏறிவிடுவான். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்குவதற்கு அதுவே போதுமாக இருந்தது.

ஆக, உலகம்மாள் உட்கார்ந்தாள். நாலு வருஷம் உட்கார்ந்தாள். மாமனார் முகத்தில் வீக்கம் வடிந்து தெளிச்சி வந்தது. அவளுக்குத்தான் காலையில் கண் இரப்பை உப்பியது, மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

துணைக்கு வருகிறவர்களுக்கும் மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். முடிவைக் கேட்டுக்கொள்வது சங்கரலிங்கம். அவள் குழாயோடு படுத்திருப்பாள், எழுந்து டாக்டர் அறைக்குப் போக முடியாது, அதனால் அப்படி ஒரு பழக்கம். எல்லா வீட்டிலும் அப்படித்தான். பொம்பளை உடம்பில் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வது ஆம்பளை. அவர் வெளியே வந்து "எல்லாம் நார்மல்" என்பார். அவளும் சரி என்று அடுத்த செம்பு தண்ணீரைக் குடிப்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை டாக்டர் ரெஜினா தானாகவே அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னைக்கோட உங்களுக்கு ஓய்வும்மா. ரொம்ப செஞ்சிட்டீங்க. வியாழக்கிழமையில இருந்து உங்க பொண்ணு வரப்போகுதே, பயப்படாம இருக்கச் சொல்லுங்க."

"எம் பொண்ணு எதுக்கு வரணும்?"

டாக்டர் முகம் மாறியது. "வீட்டுக்காரர் சொல்லலையா?"

"என்னத்த?"

டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவளுடைய கிட்னி இரண்டும் பாதிக்கும் கீழே போய்விட்டது என்றார். ஒரு ஆளுக்கு மட்டும் சுமக்க வேண்டியது, இரண்டு ஆளுக்காகச் சுமந்து தேய்ந்துவிட்டது. தேய்ந்தது திரும்பி வராது. இதோடு நிறுத்தி, கவனமாக இருந்தால் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். போன மாதமே சங்கரலிங்கத்திடம் சொல்லியாயிற்று. அவர் யோசித்துவிட்டு, மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, அவளைத் துணையாகப் போட்டுக்கொள்ளலாம் என்று பேரைக் கொடுத்திருந்தார். கோமதியும் போனிலேயே விரல் வைத்துச் சம்மதம் சொல்லிவிட்டாள்.

உலகம்மாள் திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். சண்முகவேல் கண்ணை மூடிக் கிடந்தார். தூங்குகிறவரின் மூச்சு அப்படி இருக்காது. இத்தனை வருஷம் பக்கத்தில் கிடந்தவளுக்கு அது தெரியாதா?

"மாமா, உங்களுக்கும் தெரியுமா?"

அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "சின்ன உடம்பு. அவ தாங்குவா."

உலகம்மாளுக்கு வயிறு எரிந்தது. தன் கிட்னி போனதற்குக் கூட அப்படி எரியவில்லை. போனது போகட்டும், தெரியாமல் ஏமாந்தோம், அவ்வளவுதானே. ஆனால் அடுத்தது பிள்ளை என்று தீர்மானம் பண்ணி, பேரையும் கொடுத்து, தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு மாதமாகத் தன் கையால் சோறு வாங்கித் தின்றிருக்கிறார்கள். இந்த நெஞ்சழுத்தம் எங்கே இருந்து வருகிறது?

வீட்டுக்குப் போய் அவள் கேட்ட கேள்விக்கு சங்கரலிங்கம் நேராக ஒரு பதிலும் சொல்லவில்லை. நீ பயந்துவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை என்றார். ரெண்டு வருஷம், மிஞ்சினால் மூணு வருஷம், அதற்குள் அப்பா காலம் முடிந்துவிடும் என்றார். பெற்ற தகப்பன் காலம் முடிவதைக் கணக்குப் போட்டுச் சொல்கிறோமே என்ற கூச்சம்கூட அவருக்கு இல்லை. நீங்கள் உட்கார்ந்தால் என்ன என்று அவள் கேட்டதற்கு, தறியை யார் பார்ப்பது என்று கத்தினார்.

கோமதி அப்போது திருநெல்வேலியில் காலேஜ் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். தாத்தா என்றால் அவளுக்கு உயிர். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடித்தபசு காட்டியவர் அவர்தான். போனில் உலகம்மாள் கேட்டபோது, "எம்மா, தாத்தா பாவம்லா. நீங்க உக்காரல? நானும் உக்காருதேன்" என்றாள். அம்மாவின் உடம்பு என்ன ஆயிற்று என்பதை அவளிடமும் யாரும் சொல்லியிருக்கவில்லை. உலகம்மாளும் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளை இரண்டு பேருக்குமாக அழுவாள், அழுதுகொண்டே போய் உட்காருவாள். அப்படித்தானே வளர்த்திருக்கிறோம் என்று தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

மறுநாள் அவள் தனியாக டாக்டரைப் பார்க்கப் போனாள். கட்டிலுக்கும் குழாய்க்கும் இந்தப் பக்கம், டாக்டர் மேசைக்கு எதிரே அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

பிள்ளை பேரை எடுத்துவிட வழி உண்டா என்று கேட்டாள். டாக்டர் இல்லை என்றார். சம்மதம் கொடுத்தவளே வந்து வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அவளோ சொல்ல மாட்டாள். ஏற்கெனவே வேறொரு நோயாளிக்குத் துணையாகப் பதிந்திருந்தாலாவது இவருக்குக் கூப்பிட முடியாது என்று டாக்டர் ஒரு பெருமூச்சோடு சொன்னார்.

"அதென்ன டாக்டர்?"

"ஒரு துணை ஒரு நோயாளிக்குத்தாம்மா. ஆரம்பத்துல பெரிய வீடுகள்ல வேலைக்காரப் பொண்ணைச் சொந்தக்காரின்னு சொல்லி, ஒரே ஆளை மூணு பேருக்கு உக்கார வச்சாங்க. அந்தப் பிள்ளைங்க செத்துப் போச்சு. அதுக்கப்புறம் வந்த விதி. ஒருத்தருக்குன்னு பதிஞ்சிட்டா, அந்த நோயாளியா விடுவிச்சாதான் உண்டு. இல்ல, நோயாளி சாகணும்."

"கோமதி பேரு இன்னும் மாமாவுக்குப் பதியலையா?"

"சம்மதம் குடும்பத்துக்குன்னுதான் வாங்குறோம். வழக்கமா, வந்து உக்காருற அன்னைக்குத்தான் யாருக்குன்னு பதிவோம்."

 உலகம்மாள் டாக்டர் மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் கிட்னி பொம்மையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு அதைக் கீழே வைத்தாள்.

"நான் நோயாளியா இல்லையா டாக்டர்?"

"நோயாளிதான்."

"அப்படின்னா எம் பேரை நோயாளின்னு பதியுங்க. துணைக்குக் கோமதி பேரைப் போடுங்க."

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பிள்ளையைக் காப்பாத்த வந்தீங்கன்னுல்லா நினைச்சேன்?"

"அதத்தான் செய்யுதேன்."

"உங்களுக்குப் பெட்டி தேவைப்பட வருஷக்கணக்கா ஆகும்மா. ஒழுங்கா இருந்தா தேவைப்படாமலே கூடப் போகலாம்."

"போகட்டுமே. அதுவரைக்கும் அவ எனக்குத் துணையா இருக்கட்டும். நான் கூப்பிடமாட்டேன். வேற ஒருத்தனும் கூப்பிட முடியாது."

டாக்டர் ரெஜினா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இது விதிக்குள் வருமா என்று யோசித்திருக்கலாம். தன் வேலை என்ன ஆகும் என்றும் யோசித்திருக்கலாம். நாலு வருஷமாக ஒரு பொம்பளையின் ரத்தத்தைப் பார்த்துவிட்டு வேறு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தோமே என்ற குத்தல் அவருக்கும் இருந்திருக்கும். கடைசியில் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்தார்.

"இதை முன்னாடியே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்மா" என்றார் தட்டிக்கொண்டே.

"ஆமா, சொல்லியிருக்கணும்" என்றாள் உலகம்மாள். பரவாயில்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

வியாழக்கிழமை குடும்பமே போயிற்று. கோமதி முந்தின நாள் சாயங்காலமே ஊருக்கு வந்திருந்தாள்; வழி நெடுகத் தாத்தாவுக்குப் பிடித்த கதையெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். பெட்டிக்கு முன்னால் இருக்கிற கண்ணாடியில் அவள் விரலை வைத்ததும், எந்த நாளும் பச்சையாகிற அது சிவப்பாகிவிட்டது. நர்ஸ் படித்துப் பார்த்துவிட்டு, "இவங்க வேற ஒரு நோயாளிக்குத் துணை சார்" என்றாள்.

"யாருக்கு?" என்றார் சங்கரலிங்கம்.

"உலகம்மாள்னு போட்டிருக்கு."

கூடத்தில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சங்கரலிங்கம் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் பயந்து எழுந்து உட்கார்ந்தார். ஏட்டி, உனக்குப் பைத்தியமா என்றார். எங்கப்பனைக் கொல்லப் பார்க்கிறியா என்றார். சண்முகவேல் தலையில் அடித்துக்கொண்டு, மருமகளைக் கொண்டுவந்த நாளை வைதார். உலகம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அவர்கள் ஓய்ந்த பிறகு, மாமனார் கட்டிலுக்குப் பக்கத்தில் போய், சத்தமில்லாமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"மாமா, நான் இனிமே உக்கார முடியாது. நானும் நோயாளி. உங்களுக்கு மலை மாதிரி ரெண்டு ஆம்பளப் பிள்ளைக இருக்காக. இந்தா ஒருத்தர் பக்கத்துலயே நிக்காரு. இல்ல, உங்களுக்கு யாருமில்லன்னு வீட்டு ஆளுக சொன்னா பின்னால மெஷின் ரூம் இருக்கு. ரெண்டுல எதுன்னு நீங்களே உங்க மகன்கிட்ட கேளுங்க."

சண்முகவேல் மகனைப் பார்த்தார். சங்கரலிங்கம் தரையைப் பார்த்தார். அத்தனை ஊர் ஆட்களுக்கு முன்னால் அப்பனுக்கு யாருமில்லை என்று எப்படிச் சொல்வது? கடைசியில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். அந்தக் கூடத்தில் அந்த நாற்காலியில் ஒரு ஆம்பளை சாய்ந்தது அன்றைக்குத்தான். குழாய் குத்தும்போது அவர் போட்ட கூப்பாடு வெளியே டீக்கடை வரைக்கும் கேட்டது என்பார்கள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கோமதி முகத்தை வெளியே திருப்பிக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் இறங்கியதும் வெடித்தாள்.

"உங்க உடம்பு இப்படி ஆனத ஏன் எங்கிட்ட சொல்லல? என்னைய உங்க பேருக்கு எழுதி வைக்கியளே, நான் என்ன வீடா, நிலமா? அப்பாவாவது விரல் வைன்னு கேட்டாக. நீங்க அதுகூடக் கேக்கலயே."

"கேட்டா என்ன சொல்லியிருப்ப?"

"வேண்டாம்னு சொல்லியிருப்பேன். நான் தாத்தாவுக்கு உக்காருவேன்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல."

பிள்ளை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கேட்டது நியாயம்தான் என்று உலகம்மாளுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாள். கதவுக்கு வெளியே உட்கார்ந்து தானும் கொஞ்சம் அழுதாள். அழுத பிறகும் பேரை எடுக்கலாம் என்று ஒரு நிமிஷம்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஊருக்கே கூத்து. உலகம்மாளுக்குப் பக்கத்து நாற்காலிக்காரி பாத்திமுத்து, புருஷனுக்காக உட்காருகிறவள், தன் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று தானே நேரில் போய்க் கேட்டாள். கேட்டுவிட்டு வந்து தன்னை நோயாளியாகவும் மகளைத் தனக்குத் துணையாகவும் பதிந்துகொண்டாள். அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர். ஆடி முடிவதற்குள் கூடத்தில் பாதி நாற்காலி காலியாகி, அதில் மச்சான்களும் மகன்களும் மருமகன்களும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்து சாய ஆரம்பித்தார்கள். அவர்கள் வந்த முதல் வாரத்திலேயே பச்சைத் திரை தரை வரைக்கும் இறங்கிவிட்டது. பொம்பளைகள் கேட்டு நாலு வருஷமாக இறங்காத திரை.

சங்கரலிங்கம் ஒரு மாதம் தாக்குப்பிடித்தார். முகம் வெளிறி, தறிச் சத்தத்திலேயே தூங்கி விழுந்தார். நரம்பு தளரவில்லை, ஆனால் ஆள் தளர்ந்துவிட்டார். திருப்பூருக்கு போன் போட்டால் சேர்மராஜ் எடுப்பதில்லை. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் நிலையத்துக்குப் போய், நாலு பேர் முன்னால் நின்று, "எங்கப்பாவுக்கு உட்கார எங்க வீட்டில் யாருமில்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். எந்த வார்த்தையைச் சொல்வதற்குப் பதில் பெற்ற மகளைக் கொடுக்கலாம் என்று நினைத்தாரோ, அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம்தான் ஆனது. சண்முகவேல் பாடையைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் போய் மெஷினில் படுத்துக்கொண்டார்.

இவர் ஒருவர் மட்டுமா? யாருமில்லை என்று சொல்ல ஆம்பளைகள் வரிசை கட்டி நின்றார்கள். மூன்று மெஷின் எந்த மூலைக்குப் போதும்? ஆம்பளைகள் சங்கம் வைத்தார்கள், நகராட்சி வாசலில் உட்கார்ந்தார்கள், பேப்பரில் படம் வந்தது. ஐப்பசி பிறந்ததும் தாமிரபரணியிலிருந்து நிலையத்துக்கென்று தனிக் குழாய் வந்துவிட்டது. உறை போட்டு மூடிய மெஷின் எல்லாம் வெளியே வந்தது. இல்லவே இல்லை என்று சொன்ன தண்ணீர் அது. நாலு வருஷம் பொம்பளைகள் உட்கார்ந்தபோது வராத தண்ணீர், ஆம்பளைகள் ரெண்டு மாதம் உட்கார்ந்ததும் மலையிலிருந்து இறங்கி வந்துவிட்டது. உலகம்மாள் அந்தக் குழாயைப் போய்ப் பார்த்தாள். சிரிப்பதா, கல்லை விட்டு எறிவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

தைக்குப் பிறகு கோமதிக்கு ஒரு வரன் வந்தது. ராஜபாளையத்துப் பையன், நல்ல வேலை. ஜாதகம் பொருந்தியது, போட்டோ பிடித்தது. பேச்சு நிச்சயத்தை நெருங்கும்போது நின்றுபோயிற்று. சங்கரலிங்கம் விசாரித்துவிட்டு வந்து, உலகம்மாள் முன்னால் உட்கார்ந்து, இப்போதெல்லாம் அவர் பேசுகிற தணிந்த குரலில் ஆரம்பித்தார்.

"ஏட்டி, மெஷின்தான் வந்துட்டுல்லா. இனிமே எதுக்கு அது? பிள்ளை பேரை விடுவிச்சிரு."

"ஏன், இப்ப என்ன அவசரம்?"

"மாப்பிள்ளை வீட்டுல நிலையத்துல பேரைத் தட்டிப் பாத்திருக்காக. ஏற்கெனவே ஒருத்தருக்குத் துணைன்னு வருதாம். மாப்பிள்ளைக்கு அப்பா அம்மா ரெண்டு பேருக்குமே சர்க்கரை. நாளைக்கு ஒண்ணுன்னா பொண்ணு உதவாதேன்னு யோசிக்காக."

கோமதி அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஆட்டோ நாளிலிருந்து அவள் அம்மாவிடம் தேவைக்கு மேல் பேசியதில்லை. உலகம்மாள் திரும்பி அவளைப் பார்த்தாள். அன்றைக்குக் கேட்காததை இன்றைக்காவது கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்பதற்குப் பயமாகவும் இருந்தது. பிள்ளை என்ன சொன்னாலும் அதன்படி செய்துவிடுவது என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டாள்.

"நீ சொல்லு மக்கா. உன் பேரு. விடுவிக்கட்டுமா?"

 கோமதி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

"இருக்கட்டும்மா. எவன் வந்தாலும் மொதல்ல அதைப் பாக்கட்டும்."